தாடி மனுவில் நீக்கப்பட்ட வரி

தினமும் சவரம் முடிந்த பிறகே காபித் தம்ளரைத் தொட்ட என் அண்ணனுக்கு,

உங்கள் மகன் மோகன் வியாழக்கிழமை காலை தன் தாடி மனுவைத் திரும்ப வாங்கி, ஒரு வரியை நீக்கிவிட்டு மறுபடி கொடுத்திருக்கிறான். அன்று மதியம் வடக்கே பட்டாள முகாமிலிருந்து போனில் அவனே சொன்னது. இரண்டு மனுக்களின் நகலையும் நான் பார்த்துவிட்டேன். நீக்கப்பட்ட வரி உங்களைப் பற்றியது.

வரிசையாகச் சொல்கிறேன். அவன் மனைவி பிரியாவுக்கு முதல் தடவை மூன்றாம் மாதத்தில் கலைந்தபோது நீங்கள் உயிரோடு இருந்தீர்கள். இப்போது உங்கள் மருமகளுக்கு மறுபடி ஐந்து மாதம். மல்லசமுத்திரத்தில் அம்மா வீட்டில் இருக்கிறாள். மனைவி மாசமாக இருக்கும்போது கணவன் முகத்தில் கத்தி வைப்பதில்லை என்பது நம் பக்கத்துப் பழக்கம். லாரிக்காரரோ வாத்தியாரோ தாடியோடு திரிந்தால், "ஊட்டுல விசேஷமுங்களா?" என்றுதான் கேட்கிறோம். பட்டாளத்தில் இருப்பவனுக்கு அந்த வசதி இல்லை.

பிரியாவின் அம்மா நேராகவே சொல்லிவிட்டார். "மாப்பிள்ள நித்தமும் மூஞ்சியில கத்தி போட்டா வயித்துப் புள்ள எப்படிங்க தங்கும்? போன தடவ பாத்தமில்லீங்க."

அதற்குப் பிறகு மோகன் வீடியோவில் கூப்பிட்டால் பிரியா போனைக் கூரைப் பக்கம் திருப்பிவிடுவாள். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே பேசுவான். இரண்டு வாரம் இப்படி.

அண்ணி ஆறுதல் சொல்லப் போனார். மோகன் வயிற்றில் இருந்தபோது நீங்கள் எழுதிய கடிதங்களைக் கையோடு கொண்டுபோயிருந்தார். மேஜர் சாகிபிடம் கேட்டுத் தாடிக்கு அனுமதி வாங்கிவிட்டேன் என்று ஒன்றில் எழுதியிருந்தீர்கள். இன்னொன்றில், தாடி நெஞ்சுவரை வந்துவிட்டது, சாப்பிடும்போது பருப்பு ஒட்டிக்கொள்கிறது என்று. மருமகளுக்கு வாசித்துக் காட்டிவிட்டு அங்கிருந்தே மகனுக்குப் போன் போட்டார். "உங்கப்பா கேட்டு வாங்குனாரு சாமி. நீ வாயத் தொறக்காம இருந்தா எப்படி?"

மோகன் வாயைத் திறந்தான். பிரசவம் வரை தாடி வைக்க அனுமதி வேண்டும் என்று எழுதி, 'என் தந்தைக்கும் பணியில் இருந்தபோது இதே காரணத்துக்காக அனுமதி வழங்கப்பட்டது' என்று ஒரு வரி சேர்த்தான். கொடுத்த பிறகுதான் ஆங்கிலம் சரியா என்று எனக்கு அனுப்பினான்.

ஆங்கிலம் சரி. செய்தி தவறு. அது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நாமக்கல்லில் ஒரு சலூனில் முறைக்குக் காத்திருந்தபோது நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "தாடியெல்லாம் ஏதுடா? பக்கத்துக் கட்டில்ல ஒரு சர்தார் இருந்தான். அவன் தாடியப் பாத்துப் பாத்து எழுதுனேன். பருப்புகூட அவனுதுதான்." ஏன் என்று கேட்டேன். "உங்கண்ணி தூங்கணுமில்ல?" என்றீர்கள். ஊருக்கு வரும் வழியில் பழனியில் இறங்கி மொட்டை போட்டுக்கொண்டு, தாடியையும் அங்கேயே எடுத்துவிட்டதாக வீட்டில் சொன்னீர்கள். மொட்டை மட்டும் உண்மை.

மூன்று நாள் யோசித்தேன். இறந்தவர் நம்பிச் சொன்னதை வெளியே விடலாமா? ஆனால் பழைய கோப்பை யாராவது எடுத்துப் பார்த்தால், பொய் சொன்னவர் ஹவில்தாராக ஓய்வு பெற்ற நீங்களாக இருக்க மாட்டீர்கள். அது மோகன் பெயரில்தான் பதிவாகும். புதன்கிழமை அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

அவன் கேட்டான். "அப்ப அப்பா தெனமும் சேவிங் பண்ணுனாருங்களா சித்தப்பா?"

"ஒரு நாள் உடாம."

"நான் நல்லாத்தானுங்களே பொறந்தேன்?"

இத்தனை வருடம் பத்திரிகையில் செய்தி எழுதியும் இது எனக்கு உறைக்கவில்லை. பிரியாவின் பயத்துக்கு எதிரான ஒரே சாட்சியத்தை நீங்கள் மறைத்து வைத்தீர்கள். நானும் சேர்ந்து மறைத்தேன். தினமும் சவரம் செய்தவரின் பிள்ளைதான் அவளைக் கட்டியிருக்கிறான்.

அன்று மாலையில் பிரியாவே கூப்பிட்டாள். "நெசமாலுமுங்களா மாமா?"

"ஆமா சாமி."

"பருப்புகூடப் பொய்யிங்களா?" என்று சிரித்தாள். பிறகு, "மனு மட்டும் இருக்கட்டுமுங்க. எங்கம்மா இதையெல்லாம் நம்பாது" என்றாள். அன்றைக்கு அவள் போனைத் திருப்பவில்லை என்று மோகன் சொன்னான். அவன் தரப்பை மட்டும் கேட்டு எழுதுகிறேன்.

சிப்பாய்க்குத் தாடி அனுமதிக்கலாமா என்பது தனிக் கேள்வி. லாரி பாடி கட்டும் பட்டறையில் இருக்கும் உங்கள் பழைய பட்டாளத்துச் சகா செங்கோடனிடம் கேட்டேன். "விஷப்புகை வந்தா முகமூடி மூஞ்சியில ஒட்டணுமுங்க. தாடி இருந்தா சந்துல பூந்துக்கும்" என்றார். சீக்கியர்கள் வைத்திருக்கிறார்களே என்றேன். "அவங்களுக்கு அது மதமுங்க. நமக்கு அது பொண்டாட்டி" என்றார். கடற்படையில் அனுமதி கேட்டு வைத்துக்கொள்ளலாம் என்பதையும் சொல்லிப் பார்த்தேன். "அவங்க தண்ணியில இருக்கறவங்க" என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

முகமூடிக் காரணம் எனக்குப் புரிகிறது. முகமூடி போட வேண்டிய இடத்தில் தாடி கூடாதுதான். மற்ற இடத்தில், காரணம் சொல்லிக் கேட்கிறவனுக்குச் சில மாதம் கொடுப்பதால் படை குலைந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. மறுத்தாலும் சரி, கேட்க ஒரு வழி இருக்க வேண்டும். அந்த மேஜரிடம் நீங்கள் உண்மையிலேயே போய்க் கேட்டிருக்க முடியுமா? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

மனு மேலதிகாரியிடம் இருக்கிறது. மாதக் கடைசிக்குள் பதில் வரும் என்று அலுவலகத்தில் சொன்னார்களாம். பிரசவம் மாசியில் என்கிறார் டாக்டர்.

அண்ணிக்கு இன்னும் தெரியாது. இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் பத்திரிகையில் அச்சில் வருகிறது. அவர் அதில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. சனிக்கிழமை காலை புதுச்சத்திரத்தில் அவர் வீட்டுக்குப் போய் நானே சொல்லிவிடுவேன், இது உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. அந்தக் கடிதங்களில் வேறு எதெல்லாம் பொய் என்று அவர் நிச்சயம் கேட்பார். தாடி ஒன்றுதான், மற்றதெல்லாம் எனக்குத் தெரிந்தவரை உண்மை என்பேன்.

இப்படிக்கு,
உங்களுக்கு அடுத்துப் பிறந்த தம்பி