இராசமணி எடுத்த அறை

கோண்டாவில்,
14.03.1992

அன்புள்ள தங்கச்சி இராசமணிக்கு,

நயினை அம்மாளின் காவலில் நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுத என் கை கூசுகிறது. வேலணையை விட்டு ஓடிவந்து இது இரண்டாவது பங்குனி. உன் மச்சாள் பரிமளத்தின் சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் சேலை கட்டி மறைத்து நானும் அவளும் மகள் அம்பிகையும் படுக்கிறோம். மறுபக்கத்தில் இன்னொரு குடும்பம்.

இந்த நிலையில் உன் மகன் சோமாஸ்கந்தனின் கடிதம் வந்தது. படித்துவிட்டு அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. பெற்ற பிள்ளையின் வீட்டை விட்டு வெளியேறி, ரொறன்ரோப் பட்டினத்தின் நடுவில் தனியாக அறை எடுத்து இருக்கிறாயாமே? பேக்கரியில் வேலையாமே? சிவப்பு நிறத்தில் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு திரிகிறாயாமே? ஐம்பத்தைந்து வயதுக் கைம்பெண்ணுக்கு இது என்ன கோலம்? பேரப்பிள்ளைகள் அப்பம்மா எங்கே என்று தேடி அழ, நீ யாருக்காகத் தனிக்குடித்தனம் நடத்துகிறாய்?

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே சோமன் வீட்டுக்குப் போ. மறுமொழியில் போய்ச் சேர்ந்த செய்தி மட்டும் இருந்தால் போதும்.

உன் அண்ணன்,
வே. பரராசசிங்கம்


ரொறன்ரோ,
02.05.1992

மதிப்புக்குரிய அண்ணைக்கு,

விறாந்தையில் படுக்கிறீர்கள் என்று வாசித்தேன். மச்சாளுக்கு முழங்கால் வாதம். நிலத்தில் படுத்தால் எழும்ப ஏலாது. ஒரு கட்டிலாவது கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

சோமன் எழுதியதெல்லாம் உண்மைதான். எழுதாததை நான் எழுதுகிறேன்.

இரண்டு வருடம் அவன் வீட்டில் இருந்தேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போக, சமைத்தேன், கழுவினேன், பிள்ளைகளைப் பார்த்தேன். அதற்கு நான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. போன வருடம் ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, காரில் ஏறச் சொன்னான். கோயிலுக்காக்கும் என்று சேலை மாற்றிக்கொண்டு ஏறினேன். பின்சீற்றில் என் உடுப்புப் பை இருந்தது.

“எங்கையடா கொண்டுபோறாய்?”

“உங்கடை மருமகளின்ரை சித்தி மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கம்மா. நீங்கள் ஒரு மாதம் நிண்டு பத்தியம் காய்ச்சிக் குடுப்பியள் எண்டு சொல்லிப்போட்டன்.”

“என்னைக் கேட்டனியோ?”

“உங்களைக் கேக்க என்ன இருக்கம்மா? சும்மாதானே இருக்கிறியள்.”

சும்மா! போய் நின்றேன், அண்ணை. பிள்ளை பெற்றவள் பாவம் என்று நின்றேன். திரும்பி வந்து கொஞ்ச நாளில் சோமன் தொலைபேசியில் பேசுவது நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் கேட்டது. “அம்மாவைத் தை மாதம் கொண்டுவந்து விடுறன். நல்லாச் சமைப்பா. வைச்சிருந்து போட்டு அனுப்புங்கோ.” இந்த முறை சொந்தக்காரர்கூட இல்லை. அவனுடன் வேலை செய்யும் ஒருவரின் வீடு. ஊரில் ஆட்டுக்கல்லை இரவல் கொடுக்கும்போதும் இப்படித்தானே சொல்லுவோம்?

தையில் மறுபடி கார். பெற்றோல் அடிக்க நிப்பாட்டினான். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். “அம்மா, ஏறுங்கோ, குளிர்” என்று கத்தினான். “ஏறமாட்டன்” என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. பனிக்குள் நடந்து பஸ் தரிப்புக்குப் போனேன். கோயிலில் பழக்கமான புங்குடுதீவுச் செல்லாச்சியின் விலாசம் கடதாசியில் இருந்தது. அதைச் சாரதியிடம் நீட்டினேன். அவன் ஒரு கறுத்த மனிதன். எந்த இடத்தில் பஸ் மாறவேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டிவிட்டான்.

செல்லாச்சிதான் பேக்கரி வேலை எடுத்துத் தந்தாள். பணிஸ்களைப் பைக்குள் போடுவது. பிறகு அவள் இருக்கும் கட்டடத்திலேயே எனக்கொரு அறை. அறைக்கு வந்த முதல் காலையில் தேத்தண்ணி போட்டேன். யாரும் கூப்பிடவில்லை. கதிரையில் இருந்து அதைச் சூடாகக் குடித்து முடித்தேன். நினைவு தெரிந்து நான் சூடாகக் குடித்த முதல் தேத்தண்ணி அதுதான், அண்ணை.

திரும்பிப் போகமாட்டேன்.

அன்புத் தங்கச்சி,
இராசமணி


கோண்டாவில்,
20.06.1992

இராசமணி,

ஒரு மகன் தாயிடம் உதவி கேட்டதை இத்தனை பெரிய கொடுமையாக எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? எங்கள் அம்மா எத்தனை வீட்டுப் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருப்பா? பெற்றோல் அடிக்கிற இடத்தில் இறங்கி ஓடினாவா?

இங்கே ஒரு விறாந்தையில் ஒன்பது சீவன்கள் மூச்சு முட்ட இருக்கிறோம். நீ ஒருத்திக்கு ஒரு அறை! எழுத வெட்கமாக இல்லையா? இளையதம்பி மச்சான் கண்ணை மூடியபோது ஆறு வயதுப் பிள்ளையோடு நின்ற உன்னை யார் கூட்டிவந்து வைத்தது? உனக்கும் உன் பிள்ளைக்கும் யார் சோறு போட்டது? அந்தச் சோற்றுக்காகவாவது என் சொல்லைக் கேள். எங்களைப்போல ஓடிவந்த தீவார் எல்லாம் இப்போது யாழ்ப்பாணத்துக்குள்தான் கிடக்கிறார்கள். நிவாரண அரிசிக்குச் சங்கக்கடை வரிசையில் நின்றால் உன் கதைதான். “தங்கச்சி கனடாவில் தனிக்காட்டு ராணியாமே” என்று ஒருவன் என் முகத்துக்கு நேரே சிரித்தான்.

வே. பரராசசிங்கம்


ரொறன்ரோ,
09.08.1992

அண்ணைக்கு,

சோற்றை நினைப்பூட்டினீர்கள். நன்றி. நான் மறக்கவில்லை. நீங்கள் கூட்டிவராவிட்டால் நானும் சோமனும் தெருவில்தான். அதை எந்தச் சபையிலும் சொல்லுவேன்.

ஆனால் அந்தச் சோற்றைச் சமைத்தது யார், அண்ணை? இருபது வருடத்துக்கு மேல் உங்கள் குசினியில் விடியமுன் அடுப்பு மூட்டியது யார்? மாரியில் ஈர விறகை ஊதி ஊதி என் கண் பழுதானது யாருக்காக? அம்பிகை பெரியபிள்ளையானபோது சாமத்தியச் சடங்கில் அத்தனை பலகாரத்தையும் சுட்டுவிட்டு, ஆராத்தி எடுக்கும் நேரம் அறைக்குள் போய் நின்றுகொள் என்று சொன்னது யார்? நீங்கள்தான். நானும் போய் நின்றேன். கதவு நீக்கலால் பார்த்தேன். நான் தூக்கி வளர்த்த பிள்ளை.

ஒன்பது பேர் ஒரு விறாந்தையில் இருப்பதை நான் லேசாக எடுக்கவில்லை. ஆனால் நான் சோமன் வீட்டுக்குப் போனால் உங்கள் விறாந்தை பெரிதாகுமா?

நான் எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் ஒரு வரி கேட்கவில்லை. கேளாமலே சொல்கிறேன். நன்றாக இருக்கிறேன். விருப்பம் என்றால் புட்டு அவிப்பேன். இல்லையென்றால் பாணும் மீன் சம்பலும். வேலை இல்லாத நாளில் தெருத் தண்டவாளத்தில் ஓடும் பஸ்ஸில் ஏறி அது போகும் மட்டும் போவேன். ஒரு தரம் பாதை தவறி எங்கேயோ போய் இறங்கினேன். பயம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. சினிமாவுக்கும் போனேன். பாஷை விளங்கவில்லை, ஆனாலும் அழுதேன்.

இந்தப் பட்டினத்துக்கு முன்னாலும் வாவிக்குள் ஒரு தீவு உண்டு. கோடையில் படகு ஓடுகிறது. நயினாதீவுத் திருவிழாவுக்குப் போகும்போது நீங்கள் என்னை எப்போதும் வள்ளத்தின் கீழே, மூட்டைகளுக்குள்ளே இருத்துவீர்கள். கைம்பெண் முன்னுக்கு நின்றால் சகுனம் பிழையாம். போன ஞாயிறு படகின் முன்னணியத்தில் நின்றேன். கோடையிலும் அந்தச் சிவப்புச் சட்டையோடுதான். காற்று அடித்தது. படகு தாழவில்லை, அண்ணை. கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

சோமனின் மூத்தவனையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். சனி ஞாயிறில் பிள்ளைகளைக் கூட்டிப்போகச் சோமன் இப்போது விடுகிறான். அவர்கள் என்னைத் தேடி அழவில்லை. நான் போனால் ஓடிவருகிறார்கள்.

இராசமணி


கோண்டாவில்,
03.11.1992

இராசமணிக்கு,

உன் கடிதத்தைப் பரிமளத்துக்கு வாசித்துக் காட்டவில்லை. கிழித்து அடுப்பில் போட்டேன்.

ஒரு செய்தி. சோமன் நல்ல பிள்ளை. நீ விட்ட இடத்தை என் மகளைக் கொண்டு நிரப்பக் கேட்டிருக்கிறான். அம்பிகையை அங்கே எடுக்க ஏஜென்சிக்காரனோடு கதைத்து முடித்துவிட்டானாம். அவன் வீட்டில் தங்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, சமையலுக்கும் ஒத்தாசையாக இருப்பாள். நல்ல மாப்பிள்ளை அமைந்ததும் அவனே நின்று கட்டிவைப்பான். நான் சம்மதம் எழுதிவிட்டேன். தைக்குப் பிறகு பயணம். அவள் என் வளர்ப்பு. சொன்ன இடத்தில் இருப்பாள்.

வந்த பிறகு உன் அறைப் பக்கம் அவளைக் கூப்பிடாதே. அவள் மனதைக் கெடுக்காதே.

வே. பரராசசிங்கம்


ரொறன்ரோ,
12.12.1992

அண்ணை,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒன்றே ஒன்று கேட்கிறேன்.

அம்பிகையைக் கேட்டீர்களா?

இருபத்துநான்கு வயதுப் பெண். வேலணையிலிருந்து ஓடியபோது தாயைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தவள் அவள் என்று முன்னொரு கடிதத்தில் நீங்கள்தான் எழுதினீர்கள். அகதிப் பிள்ளைகளை மரத்துக்குக் கீழே இருத்திக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள் என்றும் நீங்கள்தான் எழுதினீர்கள். அவளைக் கிளாலிக் கடலால், குண்டுக்குள்ளாலும் சூட்டுக்குள்ளாலும் தோணியில் ஏற்றி, முன்பின் தெரியாத ஏஜென்சிக்காரனின் கையில் கொடுத்து, உலகத்தின் மறுகோடிக்கு அனுப்புவது எதற்கு? சோமன் வீட்டுச் சட்டி கழுவவா? என்னை இரவல் கொடுத்தவன் அவளைக் கொடுக்கமாட்டானா? முதல் மாதம் பிள்ளை பார்ப்பாள். பிறகு எந்த வீட்டுக் குசினி? நல்ல மாப்பிள்ளை அமைந்தால் வீட்டு வேலைக்கு ஆள் போய்விடுமே; அவன் அவசரப்பட்டுத் தேடுவான் என்றா நினைக்கிறீர்கள்?

சோமனிடம் நேரே போய்க் கேட்டேன். “மாமாவுக்கு உதவிதானே செய்யிறன் அம்மா. நீங்கள் இருந்திருந்தால் இது தேவைப்பட்டிருக்குமோ?” என்றான். என் பிள்ளைதான். நான் வளர்த்த வளர்ப்புத்தான்.  படி இறங்கின பிறகுதான் மறுமொழி வந்தது. திரும்ப ஏறிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்: “அவள் வந்தால் என்ரை பொறுப்பு. உன்ரை வீட்டு வாசல்படி மிதிக்க விடமாட்டன்.”

அவளைக் கேளுங்கள். நிற்கப் பிரியம் என்றால் நிற்கட்டும், அனுப்பாதீர்கள். வரப் பிரியம் என்றால் வரட்டும். விமான நிலையத்தில் நான் நிற்பேன். நான் அவளுக்குச் செல்லம் கொடுக்கப் போகிறேன் என்று நினைக்கவேண்டாம். என் அறைக்குள் அவளை நிரந்தரமாக வைத்திருக்கமாட்டேன். அந்த அறை என்னுடையது. கொஞ்ச நாள் என் கட்டிலில் படுக்கட்டும், நான் கீழே படுக்கிறேன். பிறகு இதே கட்டடத்தில் படிக்கிற பெட்டைகள் இருக்கிறார்கள். அவர்களோடு இடம் பார்ப்பேன். பள்ளிக்கூடம் போகட்டும். பனிக்குள் விழுந்து எழும்பட்டும். தன் வழியைத் தானே பழகட்டும்.

இதை அடுப்பில் போடமுன் மச்சாளுக்கு ஒருக்கால் வாசித்துக் காட்டுங்கள்.

இராசமணி


கோண்டாவில்,
20.02.1993

இராசமணிக்கு,

நான் வாசித்துக் காட்டவில்லை. நான் வெளியே போன நேரம் அம்பிகையே எடுத்துத் தாய்க்கு வாசித்திருக்கிறாள். வந்து பார்த்தால் இரண்டு பேரும் சேலை மறைப்புக்குள் அழுதுகொண்டிருக்கிறார்கள். என் வீட்டில் என் கடிதத்தை என்னைக் கேளாமல் எடுத்தாள்! உன் அறையின் காற்று கடல் தாண்டி இங்கே வந்துவிட்டது.

“கனடாவுக்குப் போகப் பிரியமோ?” என்று கேட்டேன். விறாந்தையில் இருந்த எல்லோரும் பார்க்கக் கேட்டேன்.

“போறன் ஐயா. ஆனால் சோமன் அத்தான் வீட்டை இருக்கமாட்டன். மாமியிட்டைப் போறன்” என்றாள்.

கையை ஓங்கினேன். அடிக்கவில்லை. பரிமளம் எழும்ப ஏலாத காலோடு எழும்பி இடையில் வந்து நின்றாள். முப்பது வருடத்தில் என் முன்னால் வாய் திறவாதவள். “அடிக்கிறதெண்டால் என்னை அடியுங்கோ. இராசமணியை வைச்சு வேலை வாங்கினது நானும்தான். அது இவளுக்கு வேண்டாம்” என்றாள். அதன் பிறகு அந்த விறாந்தையில் நான் யாரோடு பேசுவது?

சோமனுக்கு எழுதிவிட்டேன். அவன் ஒழுங்கு வேண்டாம் என்றேன். பரிமளத்தின் தமையன் கொழும்பில் வேறு ஏஜென்சி ஆளைப் பிடித்திருக்கிறார். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறப் பாஸ் கிடைத்துவிட்டது. இந்தக் கிழமை கிளாலியால் போகிறாள். நான் கரை மட்டும் கூடப் போவேன்.

நீ செய்தது சரி என்று நான் எழுதுவேன் என்று எதிர்பாராதே. அண்ணன் மகளுக்கு அறையில் கொஞ்ச நாள்தான் இடம் என்று எழுதிய உன் கையை நான் மன்னிக்கமாட்டேன். ஆராத்திக் கதையையும் மன்னிக்கமாட்டேன். இப்போது அது என்னை நித்திரை கொள்ள விடுகிறதில்லை. இனி எனக்கு எழுதவேண்டாம். பரிமளத்துக்கு எழுது, நான் வாசித்துக் காட்டுவேன்.

அவளுக்கு வெண்டிக்காய் ஒத்துக்கொள்ளாது. குளிரில் இருமுவாள். விமானத்தால் இறங்கும்போது ஒருவரையும் தெரியாமல் திகைத்து நிற்பாள். பிந்திப் போகாதே. முன்னுக்கு, அவள் கண்ணில் படுகிற இடத்தில் நில்.

இப்படிக்கு,
அம்பிகையின் தகப்பன்