யாளி நாட்டில் ஒரு நாத்திகர்

ஒரகடம்,
ஞாயிறு.

அன்புள்ள அப்பாவுக்கு வேல்விழி எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா?

ஓய்வு நேரத்தில் போனில் ஒரு மாயக்கதை எழுதுகிறேன். யாளியைத் தெய்வமாகக் கும்பிடும் நாடு. அங்கே தெய்வமே இல்லை என்று சொல்லும் படகோட்டி ஆதன். கடைசியில் அவரை யாளி விழுங்குவதாக எழுதியிருந்தேன். கம்பெனியில் எங்கள் லைனில் வேலை செய்யும் மெர்சி கேண்டீனில் அதைப் படித்தாள்.

“இன்னாடி, சாமி இல்லன்னு சொல்றவன் திமிரு புடிச்சவனாத்தான் இருக்கணுமா? அந்தாள ஒரு தபாகூட நீ பேச வுடலயே” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. பிறகு உங்கள் நினைவு வந்தது. பரீட்சை நாட்களில் அம்மன் கோயிலுக்குச் சைக்கிளில் கூட்டிப் போவீர்கள். உள்ளே வரமாட்டீர்கள். என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்பீர்கள். நான் ஓடி வந்தால், “அதுக்குள்ள வந்துட்ட? வேணும்னா இன்னொரு சுத்து சுத்திட்டு வா, தாயி” என்பீர்கள்.

இப்போது ஆதனை யாளி விழுங்கவில்லை. மகளோடு கோயில் வாசல்வரை வருகிறார். அங்கே நின்று என்ன நினைப்பார் என்றுதான் எழுத வரவில்லை. நான் நம்புவதையே அவர் வாயில் வைத்துவிடுகிறேன்.

அப்படி வாசலில் நிற்கும்போது நீங்கள் என்ன நினைப்பீர்கள் அப்பா? போனில் பேசினால் சண்டையாகிவிடும். எழுதி அனுப்புங்கள், உங்கள் கையெழுத்தைப் பார்த்து நாளாயிற்று. கூடவே கொஞ்சம் பருப்புப்பொடியும்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. கும்பிடும்போது உங்கள் பெயரைச் சொல்வதில்லை, உங்களுக்குப் பிடிக்காது என்று. நினைத்துக்கொள்வதோடு சரி.

உங்கள் மகள்,
வேல்விழி