அக்கா எடைக்கு உப்பு

தூத்துக்குடி
12 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அனிஷ் எழுதுவது. உன் சுகத்தைக் கேட்டால் "ஆண்டவர் அருளால்" என்று ஆரம்பிப்பாய், அதனால் கேட்கவில்லை. உங்கள் மடத்தில் பயிற்சியில் இருக்கும் நவதுறவிகளுக்கு வரும் கடிதங்களை மதர் படித்துவிட்டுத்தான் தருவார்கள் என்று அம்மா சொன்னாள். வணக்கம் மதர். உங்களுக்காகத்தான் நல்ல தமிழில் எழுதுகிறேன். இடையில் வழுக்கினால் மன்னிக்கவும்.

முதல் செய்தி. கல்லூரியை விட்டுவிட்டேன். இன்ஜினியரிங் எனக்கு ஏறவில்லை, அவ்வளவுதான். அம்மா சில நாள் பேசவில்லை. அவள் பேசாததையும் சேர்த்து நம் பெரியதாழை ஊரே பேசியது.

இரண்டாவது செய்தி. இங்கே பீச் ரோட்டில் பெனிஸ்டன் அண்ணன் ஒரு காபிக் கடை திறந்திருக்கிறார். அடுப்படியில் நான். பக்கத்துக் கல்லில் பரோட்டா போடும் சுடலைக்கண்ணன் அண்ணாச்சி. பெனிஸ்டன் அண்ணனுக்குப் பெஸ்டோ வேண்டுமாம். ஒன்றுமில்லை, இத்தாலிக்காரன் துவையல். பேசில் இலை, பைன் கொட்டை, பூண்டு, சீஸ், ஆலிவ் எண்ணெய் எல்லாம் போட்டுப் பச்சையாக அரைப்பது. பெங்களூரில் இருந்து பஸ்ஸில் வந்த பேசில், பெட்டியைத் திறந்தால் கருவாடு மாதிரிக் கறுத்துக் கிடந்தது. பேசில் என்றால் துளசி தானே என்று நான் துளசியை அரைத்தேன். அண்ணாச்சி நக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏலே, பெருமாள் கோயில்ல கைய நீட்டுன மாதிரி இருக்கு. சாப்பிட்டவனுக்கு பில்லு குடுப்பியா, தலையில சடாரி வைப்பியா?"

பிறகு அவரே வழி சொன்னார். பூக்கடையில் மாலைக்கு வைத்துக் கட்டும் திருநீற்றுப்பச்சை இருக்கிறதே, பேசில் அதுதானாம். சண்முகவடிவு அக்கா கடைக்குப் போய்க் கேட்டேன். எந்தக் கோயிலுக்கு என்றாள். மிக்ஸிக்கு என்றேன். வேதக்காரப் பிள்ளைக்குக் கொழுப்பைப் பாரு என்று திட்டிக்கொண்டே ஒரு கட்டு அதிகமாகத் தந்தாள்.

பைன் கொட்டைக்குப் பதில் மக்ரூன் போடும் பேக்கரியில் மிஞ்சும் உடைந்த முந்திரி. ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் கடலை எண்ணெய். நல்லெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், இட்லிப்பொடி ஞாபகம் வந்துவிடுகிறது. சீஸ் விலைக்கு அண்ணன் அழுதார். அதனால் மாசிக் கருவாட்டைத் தூளாக்கிப் போட்டேன். அக்கா, அடித்துச் சொல்கிறேன், சீஸ் தோற்றுப்போகும். ஒன்றே ஒன்று கவனம். மிக்ஸி சூடானால் பச்சை கறுத்துவிடும். ஜாரை முதலில் ஃப்ரீசரில் வைத்து, விட்டு விட்டு அடிக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் எட்டாம் தேதி உனக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவியாக இருப்பேன் என்று வாக்குக் கொடுக்கும் நாள். நீ குறைமாதத்தில் பிறந்து மூச்சுத் திணறியபோது, பிழைத்தால் பிள்ளையை உனக்கே தருகிறேன் என்று அம்மா மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். அதற்காகத்தான் நீ போனாய். ஊருக்கே தெரியும். வந்துவிடு அக்கா. பாதியில் விடுவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. நான் விட்டுப் பார்த்துவிட்டேன்.

உன் தம்பி,
அனிஷ்


கொடைக்கானல்
30 ஜூன் 2024

அன்பு அனிஷ்,

உன் கடிதம் கிடைத்தது. "வணக்கம் மதர்" வரை படித்த மதர் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "இதை நீயே படித்துக்கொள், எனக்குப் பயமாயிருக்கிறது" என்றார். சிரித்துக்கொண்டுதான்.

கல்லூரி விஷயத்தில் எனக்குக் கோபம். அம்மா உனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டாள் என்று எழுத ஆரம்பித்தேன். அது உனக்கே தெரியும் என்பதால் நிறுத்திக்கொண்டேன். தினமும் சாப்பிடுகிறாயா? அடுப்படியில் நிற்கிறவர்கள்தான் பட்டினி கிடப்பார்கள்.

எனக்கும் இப்போது சமையலறைப் பொறுப்புதான். இங்கே சிஸ்டர் அஞ்சலினா என்று ஒருவர் இருக்கிறார். இத்தாலியில் ஜெனோவாக்காரர். இளம் வயதில் வந்தவர், இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். போன மாதக் காய்ச்சலுக்குப் பிறகு எதைக் கொடுத்தாலும் தட்டைத் தள்ளிவிடுகிறார். உன் துவையல் கதையைச் சாப்பாட்டு அறையில் வாசித்துக் காட்டினேன். துளசி வந்த இடத்தில் அவர் காதைப் பொத்திக்கொண்டார். பெஸ்டோ அவருடைய ஊர்ச் சாப்பாடாம். அவித்த உருளைக்கிழங்கும் பீன்ஸும் சேர்த்து அவருடைய அம்மா கொடுப்பாராம்.

மலையில் திருநீற்றுப்பச்சை கிடைக்கவில்லை. என்ன போடலாம் என்று எழுது.

மற்ற விஷயத்தைப் பற்றி இப்போது எழுதவில்லை.

அன்புடன்,
பிரிஸ்கா


தூத்துக்குடி
11 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

எழுதவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதுவும் பதில்தான். அது இருக்கட்டும், துவையலுக்கு வா.

இலை எதுவானாலும் இளசாக இருக்க வேண்டும், வாசம் இருக்க வேண்டும். உங்கள் மலையில் கேரட் பறிப்பவர்கள் தழையைத் தூர எறிவார்களே, அதன் கொழுந்தை மட்டும் கிள்ளி எடு. பாதிக்குப் பாதி மல்லித்தழை. புதினா ஒரு கிள்ளு போதும், கூடினால் பிரியாணிக் கடைச் சட்னி ஆகிவிடும். முந்திரி இல்லாவிட்டால் நிலக்கடலையை வறுத்துத் தோலை ஊதிவிட்டுப் போடு. கொடைக்கானலில் சீஸ் கிடைக்கும், அதையே போடு. மாசி வேண்டாம். ஜெனோவாக்காரர் ரோமுக்குப் புகார் எழுதிவிடுவார். கடைசியில் எலுமிச்சை சில சொட்டு. பாட்டிலில் மிச்சம் வைத்தால் மேலே ஒரு விரல் எண்ணெய் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மறுநாளே கறுக்கும்.

இங்கே நாங்கள் எதற்கெல்லாம் தொட்டுக்கொள்கிறோம் தெரியுமா? இடியாப்பத்தில் பிசைந்தால் அபாரம். சீலா மீனை வறுத்து மேலே ஒரு கரண்டி. பொரித்த பரோட்டாவுக்கும் சேர்ந்தது. சால்னாவை விட்டுவிட்டுப் பச்சையைக் கேட்கிறான்கள் என்று அண்ணாச்சிக்கு உள்ளூர வருத்தம். "துவையலுக்கு பாஸ்போர்ட் எடுத்துக் குடுத்தா வெல கூடிருமோலே?" என்று வருகிறவர்களிடம் எல்லாம் கேட்கிறார்.

பாதியில் வருகிறவர்களுக்கு ஊரில் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீ பயந்துதானே இருக்கிறாய். முதலில் காரணம் கேட்பார்கள். நீ எதைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். அப்புறம் புத்தி சொல்வார்கள். அதற்குள் யார் வீட்டுப் பெண்ணாவது யாருடனாவது ஓடிப்போவாள், உன்னை மறந்துவிடுவார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது. அந்தப் பெண் நன்றாயிருக்கட்டும்.

உன் தம்பி,
அனிஷ்


கொடைக்கானல்
24 ஜூலை 2024

அன்பு அனிஷ்,

கேரட் தழையில் செய்தேன். சிஸ்டர் அஞ்சலினா ஒரு வாய் வைத்துவிட்டு, "இது பெஸ்டோ இல்லை" என்றார். எனக்கு முகம் செத்துப்போயிற்று. பார்த்தால் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொண்டுவரச் சொன்னார். "நல்லா இருக்கு. ஆனா வேற பேரு வை. பொய்ப் பேரு எதுக்கு?" என்றார் தன் தமிழில். அன்றிலிருந்து இரண்டு வேளை சாப்பிடுகிறார்.

பொய்ப் பேர் எதற்கு என்ற அந்தப் பேச்சு எனக்குள் கிடந்து அறுக்கிறது.

சமையலறையில் நிற்கும்போது எனக்கு நேரம் போவது தெரிவதில்லை. ஜெபத்தில் உட்கார்ந்தால் கடிகாரத்தைப் பார்க்கிறேன். மற்ற பெண்கள் கண்ணை மூடினால் முகமே மாறிவிடுகிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். மதர் படிக்கலாம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஆனால் நீ நினைக்கிற மாதிரி ஊர்ப் பேச்சுக்கு நான் பயப்படவில்லை. அம்மாவை நினைத்துத்தான் பயம். மாதாவுக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுத்தாயிற்று என்று ஆகிவிட்டால், உனக்கு ஒரு தலைவலி வந்தாலும் அதனால்தான் என்று நடுங்குவாள். அப்பா இறந்துபோனதுக்கே அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அந்தப் பயம் இருக்கிற வீட்டில் நான் எப்படி இருப்பது? அதற்கு இதுவே மேல் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் தோன்றவில்லை.

அம்மாவிடம் இதைக் காட்டாதே.

அக்கா,
பிரிஸ்கா


பெரியதாழை
6 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

முடித்துவிட்டேன்! உட்கார்ந்து படி.

கடிதத்தைக் காட்டவில்லை, சத்தியம். கடைக்கு லீவு போட்டு ஊருக்கு வந்து, நேராக நம் கோயில் இஞ்ஞாசி உபதேசியாரிடம் போய், நேர்ந்துவிட்ட பிள்ளையை மீட்க வழி உண்டா என்று கேட்டேன். உண்டாம். அந்தக் காலத்தில் பிள்ளையின் எடைக்கு எடை உப்போ நெல்லோ கோயிலுக்குக் கொடுத்து மீட்டுக்கொள்வார்களாம். அம்மாவிடம் சொன்னேன். அடுப்பில் இருந்து திரும்பாமலே கேட்டாள்:

"ஏலே, முந்திரி இல்லன்னா கடலையப் போடுததுக்கு இது ஒன் தொவையலா? மாதாகிட்ட குடுத்தது என் மவள."

உபதேசியார்தான் வீட்டுக்கு வந்து பொறுமையாகப் பேசினார். பிள்ளையைத் தந்த மாதாவுக்கு அதைத் திருப்பித் தரத் தெரியாதா என்றார். அம்மா அழுதாள். பிறகு சரி என்றாள்.

ஆறுமுகநேரி உப்பளத்தில் இருந்து மூட்டை வந்தது. உன் எடை யாருக்கும் தெரியவில்லை. அதனால் மீன் எடைபோடும் தராசில் உனக்குப் பதில் நான் ஏறி உட்கார்ந்தேன். நீ இவ்வளவு கனம் இல்லை, மாதாவுக்கு லாபம்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் உபதேசியார் உன் பேரைச் சொல்லி மைக்கில் அறிவித்தார். பெண்கள் எல்லாரும் வந்து அம்மாவைக் கட்டிப் பிடித்தார்கள். நீ வரும் நாளைக் கேட்டார்கள்.

அம்மாவுக்குப் பயம் போய்விட்டது அக்கா. நேற்று எனக்குக் காய்ச்சல் அடித்தது. மழையில் நனைந்திருப்பாய் என்று மட்டும் சொன்னாள்.

நீ விடுதலை. எந்த பஸ் என்று எழுது.

அனிஷ்


கொடைக்கானல்
15 ஆகஸ்ட் 2024

அனிஷ்,

அம்மா என்னைக் கொடுத்தபோது எனக்குப் பேசத் தெரியாது. நீ என்னை மீட்டபோது எனக்கு இருபத்து நாலு வயது.

என் பேரை மைக்கில் சொல்லும்போது, அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று உங்கள் யாருக்கும் தோன்றவில்லையா? சில நாள் தோன்றுகிறது, சில நாள் தோன்றவில்லை என்றுதானே எழுதினேன். வருகிறேன் என்று எழுதினேனா? உன் முதல் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். "வந்துவிடு" என்று இருக்கிறது. "வருகிறாயா" என்று ஓர் இடத்திலும் இல்லை.

இப்போது நான் வந்தால் உப்புக்காக வந்தவள். இருந்தால் உங்களைச் சபையில் தலைகுனிய வைத்தவள். எனக்கென்று என்ன வைத்திருக்கிறாய்?

பதில் எழுத வேண்டாம் என்று எழுத நினைத்தேன். எழுதவில்லை.

பிரிஸ்கா


பெரியதாழை
21 ஆகஸ்ட் 2024

அக்கா,

நல்ல தமிழ் இதுக்கு ஒத்து வராது. பேசுத மாதிரியே எழுதுதேன்.

தப்புதான். நான் காலேஜை விட்டப்ப, ஏம்லே விட்டன்னு எல்லாவனும் கேட்டான், ஒனக்கு என்னலே வேணும்னு ஒருத்தனும் கேக்கல. அதுல எனக்கு எம்புட்டு எரிச்சல்னு ஒனக்குத் தெரியும். அதே வேலையத்தான் ஒனக்கு நான் பாத்துருக்கேன். நான் ஒன்னயக் காப்பாத்துதேன்னு நெனச்சேன். ஒன்னய வீட்டுல வச்சுப் பாக்கணும்னு எனக்கு ஆசை, அம்புட்டுதான் அது. நீ இல்லாம வீடு நல்லால்ல. அதுக்கும் ஒன் வார்த்தைப்பாட்டுக்கும் சம்பந்தமில்ல.

ஒன் லெட்டரை இந்தத் தடவ அம்மாட்டக் காட்டிட்டேன். அதுக்கும் திட்டு. ரெண்டு தடவ வாசிச்சா. அப்பொறம் பேனாவக் கேட்டா.

ஊரு என்ன பேசுனாலும் நான் பாத்துக்கிடுதேன். உப்பு உப்பாக் கெடக்கட்டும். நீ அங்கனயே இருந்தாலும் எட்டாம் தேதி நானும் அம்மாவும் வந்து முதல் வரிசையில உக்காருவோம். சட்டை கூட இஸ்திரி போடுவேன்.

ஒனக்கு என்ன வேணும் அக்கா?

அனிஷ்

மகளே பிரிஸ்கா, நீ பொறந்தப்ப உங்கிட்ட கேக்க முடியல. நீ வளந்த பொறவு கேட்டுருக்கலாம். பயத்துல கேக்கல. இப்பக் கேக்கேன். ஒனக்கு அங்கன இருக்கப் பிடிச்சிருக்கா? நீ எதச் சொன்னாலும் மாதா கோவிக்க மாட்டா. நானும் மாட்டேன். அம்மா.


கொடைக்கானல்
30 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அம்மாவுக்கும் அனிஷுக்கும்,

அம்மாவின் கையெழுத்தைப் பார்த்து வெகுநாள் ஆயிற்று. சாய்ந்து சாய்ந்து போயிருந்தது. அதை வைத்துக்கொண்டு மூன்று நாள் சும்மா இருந்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

பிடிக்கவில்லை அம்மா. இங்கே எல்லாரும் நல்லவர்கள். வேலை பிடித்திருக்கிறது, மலை பிடித்திருக்கிறது. இந்த வாழ்க்கை என்னுடையது இல்லை. எழுதிவிட்டுத் திரும்பப் படித்துப் பார்த்தேன், பொய் இல்லை.

வீட்டுக்கு வருகிறேன். வந்து என்ன செய்வேன் என்று தெரியாது. அனிஷ், உன் கடையில் சேரமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன். உன் கீழ் வேலை பார்க்க என்னால் முடியாது. சமையல் படிக்க வேண்டும் என்று ஓர் எண்ணம் இருக்கிறது, வந்து பேசுவோம். கோயிலுக்குக் கொடுத்த உப்பு கோயிலிலேயே இருக்கட்டும், திருவிழாவில் ஊருக்கே போடும் அசன விருந்துக்கு ஆகும்.

சிஸ்டர் அஞ்சலினா என்மேல் கோபமாயிருக்கிறார். நான் போவதற்காக இல்லை, தழை அரைக்க வேறு யாருக்கும் பழக்காமல் போவதற்காக. இன்று காலை இரண்டு பெண்களை நிறுத்திச் சொல்லிக்கொடுத்தேன். ஒருத்தி மிக்ஸியை விடாமல் ஓட்டிக் கறுக்கவிட்டாள். நாளை மறுபடி சொல்லிக்கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை காலை பஸ்ஸில் கிளம்புகிறேன்.

மதரிடம் நேற்று நானே போய்ச் சொன்னேன். வீட்டில் வரச் சொன்னார்களா என்று கேட்டார்.

"இல்லை மதர். வீட்டில் கேட்டார்கள்" என்றேன்.

உங்கள்,
பிரிஸ்கா