இழைகளின் மேல் திருநீறு

ஜேர்மனி

அன்புள்ள அம்மாவுக்கு,

தங்கள் முழங்கால் நோ தணிந்திருக்குமென நம்புகிறேன். நான் நலம்.

நுரையீரல் செயலிழந்தோரின் இரத்தத்துக்கு ஒட்சிசன் ஊட்டும் கருவிகளுக்கான நுண்துளை இழைகளைப் பரிசோதிப்பது என் பணி என்பதை அறிவீர்கள். அந்தப் பரிசோதனைக் கூடத்தில் தூசு ஆகாது. அவ்விதியைப் பிறருக்குக் கற்பிப்பவனும் நானே. ஆயினும் அப்பாவின் திவசத்தன்று நெற்றித் திருநீற்றைக் கழுவ மனம் வரவில்லை. தொப்பிக்குள் மறைத்துச் சென்றேன். மதியம் இழைகளின் மேல் வெள்ளைத் துகள்களைக் கண்டேன்.

"உதை ஆர் அண்ணை பாக்கப்போகினம்? பேசாமல் இருங்கோ," என்றான் உடன் பணிபுரியும் அச்சுவேலி றஜிந்தன்.

"நோயாளியின்ரை இரத்தத்துக்குத் தெரியுமடா," என்று சொல்லி, மேலாளரிடம் ஒப்புக்கொண்டேன். அன்றைய இழைகள் அனைத்தும் அழிக்கப்பட்டன. என்னைப் பெட்டிகள் அடுக்கும் களஞ்சியத்துக்கு மாற்றியுள்ளார்கள், அது முறைதான்.

அங்கே திருநீற்றுக்குத் தடையில்லை. சந்நிதி முருகன் கோயிலிலிருந்து சிறிது வாங்கி அனுப்புங்கள். வேலைக்குப் போகும் பேருந்து வந்துவிட்டது, இத்துடன் முடிக்கிறேன்.

வணக்கத்துடன்,
தங்கள் மகன் குகதாசன்