நான் போட்ட கையெழுத்து

திருநின்றவூர்,
14-7-1991.

அன்புள்ள தங்கச்சி பேபிக்கு,

பூங்காவனம் அக்கா எழுதுவது. செய்யாற்றில் நீயும் அம்மாவும் சுகமா? புண் ஆறிவிட்டதா? தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

இரண்டு மாதமாக நான் கடிதம் போடாததற்கு வேலை காரணமில்லை. நீ கேள்விப்பட்டிருப்பாய். ஆனாலும் நானே சொல்ல வேண்டும். அம்பத்தூர் பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் இறங்கி உன் வலது கையில் மூன்று விரல் போன மறுநாள், முதலாளி உலகநாதன் ஒரு காகிதத்தை நீட்டினார். நீ அங்கே வேலைக்காரியே இல்லை, எனக்குச் சோறு கொண்டுவந்தவள், விளையாட்டாகக் கையை விட்டுவிட்டாய் என்று எழுதியிருந்தது. பக்கத்து மிஷினில் நின்றவள் நான் ஒருத்திதானே. "கையெழுத்து போடு, இல்லன்னா நாளைலேர்ந்து வராத" என்றார். என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாகக் கிடப்பது உனக்குத் தெரியும். போட்டுவிட்டேன்.

பிறகு உன் பிரஸ்ஸில் என்னையே நிறுத்தினார்கள். கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பிக்கூண்டு இன்னும் மூலையில்தான் கிடக்கிறது. அதை மாட்டினால் வேலை மெதுவாகிறதாம். ஒவ்வொரு தகடு வைக்கும்போதும் பெடலை மிதிக்கக் கால் வராது. அப்படியே ஒன்றரை மாதம் ஓட்டினேன். போன திங்கட்கிழமை, நான் மிதிக்காமலே பிரஸ் இறங்கியது. கையை எடுத்து ஒரு நொடிகூட ஆகியிருக்காது.

முதலாளியிடம் கூண்டை மாட்டச் சொன்னேன். "இன்னாம்மா, பயந்துகினே இருந்தா பொயப்பு எப்டி நடக்கும்? இஷ்டம் இல்லன்னா ஊட்டுக்குப் போ" என்றார். வந்துவிட்டேன்.

மறுநாள் சங்கத்துக் கங்காதரன் அண்ணனோடு தொழிலாளர் ஆபீசுக்குப் போனேன். நீ இரண்டு வருஷம் என் பக்கத்தில் நின்று வேலை செய்தவள், நான் போட்டது பொய்க் கையெழுத்து என்று எழுதிக் கொடுத்தேன். "பொய் சொன்னது தப்பும்மா" என்றார் அதிகாரி. ஆமாம் சார் என்றேன். ஆகஸ்ட் ஆறாம் தேதி நஷ்டஈடு விஷயமாக உன்னையும் முதலாளியையும் நேரில் விசாரிப்பார்களாம். என்ன ஆகுமோ தெரியாது. நீ வராவிட்டால் ஒன்றும் ஆகாது என்பது மட்டும் தெரியும்.

இப்போது இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறேன். உடம்பு அசதி தீரவே இல்லை.

ஐந்தாம் தேதி பூந்தமல்லியில் பஸ் நிற்கிற இடத்தில் காத்திருப்பேன். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் கங்காதரன் அண்ணன் வீட்டில் தங்கிக்கொள். அவர் மனைவி தாயம்மா பார்த்துக்கொள்வாள். ஆனால் வந்துவிடு.

உனக்கு இப்போது யார் தலை பின்னிவிடுகிறார்கள், பேபி? இடது கையால் எழுதப் பழகியிருந்தால் நாலு வரி போடு. திட்டி எழுதினாலும் சரி.

உன்
பூங்காவனம்