வீட்டுப் பெரட்டு

கதவுக்குப் பின்னால் ஆணியில் உன் படங்கு தொங்குகிறது. கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்வாயே, அந்த முரட்டுச் சீலைதான். உன் அக்கா அதைத் துவைத்துக் காயவைத்துத்தான் மாட்டிவிட்டுப் போனாள். வெயில் நாட்களில் அதில் ஒரு வாடையும் இருக்கவில்லை. டிசம்பர் மழை தொடங்கி, பனிமூட்டம் காம்பராவுக்குள் புகுந்து சுவரெல்லாம் ஈரமானதும் பச்சைக் கொழுந்து வாடை திரும்பி வந்துவிட்டது. நேற்று விடியும்போது அந்த வாடையில்தான் கண் விழித்தேன். நீ மலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்து, தேத்தண்ணி கேட்க வாயைத் திறந்தும் விட்டேன்.

பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட லீவு. லீவு என்றால் நம் வீட்டில் பெரட்டு, தோட்டத்தில் கண்டாக்கு ஐயா விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பாரே, அதே மாதிரி.

அதை நீ தொடங்கியது இப்படி ஒரு மழைக்கால லீவில்தான். லயத்து வரிசை வீடுகளில் நமக்கு ஒரே காம்பரா. வெளியே போக முடியாத மழை. தர்ஷினியும் மேகலாவும் ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றார்கள். நீ அடிக்கப் போகிறாய் என்று நான் ஒதுங்கிக்கொண்டேன். நீயோ அகப்பையை எடுத்துப் பெரியவள் கையில் கொடுத்து, "இன்னைக்கு நீதான் கண்டாக்கு. பெரட்டு வை" என்றாய். என்னையும் இழுத்து வரிசையில் நிறுத்தினாய்.

"விடிஞ்சா களத்துல நிக்கிற பெரட்டு பத்தாதா? வீட்லயும் வேணுமா ஒனக்கு?" என்று கேலி செய்தேன்.

"அங்க பேரக் கூப்பிட்டு வேலையக் குடுப்பாங்க. மனசு எப்படி இருக்குன்னு எவன் கேட்டான்?" என்றாய்.

தோட்டத்தில் முழு நாள் வேலைக்கு முழுப்பேர், பாதி நாளுக்கு அரைப்பேர். நீ அந்தக் கணக்கை அப்படியே மனசுக்கு மாற்றிவிட்டாய். பேர் கூப்பிட்டதும் மனசு நன்றாக இருக்கிறவர் "முழுப்பேர் சார்" என்று சொல்ல வேண்டும். கோபமோ பயமோ கவலையோ இருக்கிறவர் "அரைப்பேர் சார்" என்றால் போதும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. கண்டாக்கு கத்தக் கூடாது. முகத்தைப் பார்த்து வேலை கொடுக்க வேண்டும். விரும்புகிறவர் கூடப் போய் ஒத்தாசை செய்யலாம். நாளுக்கு ஒருவர் கண்டாக்கு.

தலவாக்கலை ஆட்டோ ஸ்டாண்டில் சண்டை போட்டுவிட்டு வந்த மறுநாள் நான் வீறாப்பாக முழுப்பேர் என்றேன். மேகலா என்னை ஏற இறங்கப் பார்த்து, "அப்பா மூஞ்சி கொதிக்கிற கேத்தல் மாதிரி இருக்கு. போயி வெறகு ஒடைங்க" என்று தீர்ப்புச் சொன்னாள். நீ சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். விறகு உடைத்து முடித்தபோது கோபம் போய்விட்டிருந்தது. அதை உன்னிடம் ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. கூட்டாளிக்காரி பேசாமல் விட்டுவிட்டாள் என்று தர்ஷினி ஒரு நாள் அரைப்பேர் சொன்னபோது, சின்னவள் ஒரு வார்த்தை கேட்காமல் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து போஞ்சிக்காய் நறுக்கிக் கொடுத்தாள். அதற்கு முன்பு அந்த இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்தால் கலவரம்தான். நீ அன்றைக்கு என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கிக் காட்டினாய்.

ஆகஸ்ட் லீவு. அந்தக் காலையை நான் நினைக்காமல் இருக்கத்தான் பார்க்கிறேன். உனக்குத் தலைவலி. மேகலா கண்டாக்கு. நீ கொங்காணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டே, "அரைப்பேர் சார்" என்றாய்.

"அப்பன்னா இன்னைக்கு வீட்ல இருங்க" என்றாள் அவள்.

நீ அவள் கன்னத்தைக் கிள்ளினாய். "நம்ம கண்டாக்கு விட்டாலும் தோட்டத்துக் கண்டாக்கு விடமாட்டாருடி" என்று சொல்லிவிட்டு நடந்தாய்.

மத்தியானம் மலையில் குளவி கலைந்து கொட்டியது. உன்னைத் தூக்கி வந்து என் ஆட்டோவில்தான் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வரைக்கும் நீ தாங்கவில்லை. அந்த ஆட்டோவில்தான் இப்போதும் ஓடிப் பிழைக்கிறேன். பின்னால் யார் உட்கார்ந்திருந்தாலும் கண்ணாடியைப் பார்க்க எனக்குப் பயம். பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

இந்த லீவு வந்ததும் தர்ஷினி தானாகவே அகப்பையை எடுத்தாள். அப்பா, மேகலா என்று கூப்பிட்டவள், அடுத்து "அம்மா" என்றாள். கூப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். தகரத்தில் மழை அடித்தது.

"என்னாம்மா நிக்கிற?" என்றேன்.

"பதில் சொல்றதுக்கு நேரம் விடணும்லப்பா."

நான் பொய் சொல்லவில்லை, அந்த நேரத்தில் "வந்துட்டேன் சார்" என்று உன் குரல் எனக்குக் கேட்டது. தினமும் கேட்கிறது.

மேகலாதான் என்னைக் கலங்க வைத்தாள். தினமும் அவள்தான் சத்தமாக "முழுப்பேர்!" என்பாள். கண்டாக்காக இருக்க மட்டும் மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். உன்னைக் கூப்பிடப் பயந்து நானும் என் முறையைத் தர்ஷினிக்கே விட்டிருந்தேன். சின்னது நல்ல தைரியம் என்று லயமே மெச்சியது. நான் அவள் விரல்களைப் பார்த்தேன். நகத்தைக் கடித்துக் கடித்து நுனியெல்லாம் புண். இந்தப் பிள்ளை எதையோ உள்ளே போட்டுப் பூட்டிவிட்டது, திறக்காவிட்டால் அவளும் என் கையை விட்டுப் போய்விடுவாள் என்று பயந்தேன்.

நேற்று, அந்தக் கொழுந்து வாடையோடு எழுந்தவன், வரிசையில் நின்று உள்ளதைச் சொன்னேன். "அரைப்பேர் சார்."

மேகலா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். "சொல்லாதீங்கப்பா! முழுப்பேர்னு சொல்லுங்க!"

"ஏம்மா?"

"அம்மா அன்னைக்கு அதத்தானே சொன்னிச்சு! அரைப்பேர்னு சொன்னவங்க திரும்பி வரமாட்டாங்க!"

இத்தனை நாளும் அந்தப் பிள்ளை எங்களை உயிரோடு வைத்திருக்கத்தான் முழுப்பேர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். இல்லை, அது சும்மா விளையாட்டு என்று சொல்ல வாய் வரவில்லை. வார்த்தையால் ஆகிற காரியமா இது?

அப்போது பார்த்து ஹட்டனுக்கு ஆட்டோ ஹயர் கேட்டு ஒருவர் போன் பண்ணினார். வேறு ஆட்டோவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். நான் வீட்டில் இருந்தேன். உன்மேல் அப்போது எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. பிள்ளை இருக்கச் சொன்னதே, ஒரு நாள் இருந்திருக்கக் கூடாதா நீ? நீ ஏன் போனாய் என்று எனக்குத் தெரியாததா? தெரிந்தும் கோபம் வந்தது.

பகல் முழுக்க மேகலா என் சட்டையைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள். பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் பின்னாலேயே வந்தாள். நான் இருமினால் ஓடி வந்து முகத்தைப் பார்த்தாள். ரொட்டி தட்டினோம். மழை விட்டு, எதிர்மலையில் கொஞ்சம் வெயில் விழுந்தபோது மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, இன்னும் அரைப்பேர்தானா?"

"ஆமாம்மா. அரைப்பேர்தான்."

"ஆனா இருக்கீங்க."

"இருக்கேன்."

சட்டையை விட்டுவிட்டு அக்காவோடு விளையாடப் போனாள்.

இன்று காலை தர்ஷினி "மேகலா" என்று கூப்பிட்டதும் முழுப்பேர் வரவில்லை. சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "அரைப்பேர் சார்" என்றாள். தர்ஷினி ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். உன் பிள்ளைதான் அவள், சந்தேகமே இல்லை.

"ரெண்டு அரைப்பேரும் அடுப்புகிட்ட போய் உக்காந்து வெங்காயம் உரிங்க" என்றாள்.

உரித்தோம். கொஞ்ச நேரத்தில் மேகலாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கையைக் கழுவிக்கொள்ளச் சொன்னேன். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"இது வெங்காயத்துக்கு இல்லப்பா. அம்மாவுக்கு."

நீ போன பிறகு அவள் உனக்காக அழுதது இதுதான் முதல் தடவை. மடியில் போட்டுக்கொண்டேன். தர்ஷினியும் அகப்பையை வைத்துவிட்டு வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டாள்.

நாளைக்குக் கண்டாக்கு முறையை நான் எடுத்துக்கொள்கிறேன். உன்னை இதுவரைக்கும் தர்ஷினிதான் கூப்பிட்டாள், நான் கூப்பிட்டதில்லை. நாளைக்குக் கூப்பிடுவேன். பதில் சொல்வதற்கும் நேரம் விடுவேன். பிள்ளைகளுக்குக் கேட்க வேண்டாம், நீ இல்லாததற்கு அவர்கள் பழகிக்கொள்ளட்டும். எனக்காக மட்டும் அரைப்பேருக்காவது வந்துவிட்டுப் போ.