மியூசியத்துக்கு மூன்றாம் தடவை

அன்புள்ள அம்மா,

செல்லூரில் எல்லோரும் நலம்தானே? அப்பாவுக்கு இருமல் குறைந்ததா?

“எம்புட்டு நாளைக்கு ஆபீஸையே பாத்துக்கிட்டிருப்ப, மெட்ராஸச் சுத்திப் பாருடி” என்றாயே. பார்த்துவிட்டேன். கடற்கரை, கலங்கரை விளக்கம், கோட்டை. எழும்பூர் மியூசியத்துக்கு மட்டும் மூன்று தடவை. காவலுக்கு இருக்கும் அக்கா சிரித்தார்: “இன்னாம்மா, சிலைங்களுக்கே உன்னப் பாத்து போரடிச்சிடுச்சு. வேலைக்குப் போறதில்லியா?”

வேலை போய் மூன்று வாரமாகிறது, அம்மா. பகலில் விடுதியில் இருந்தால் வார்டன் காரணம் கேட்பார். அதனால் சுற்றுகிறேன். ஓரிடத்தில் உட்காரவும் முடியவில்லை.

பீரோவில் இருக்கும் என் டிகிரி சான்றிதழை அனுப்பு. கொஞ்சம் பருப்புப் பொடியும். வேலை போனது அப்பாவுக்குத் தெரிந்தால், பேசிவைத்த கல்யாணத்தை இந்த மாதமே முடித்துவிடுவார். மாப்பிள்ளை வீட்டாரிடம் நீதான் அவகாசம் கேட்க வேண்டும். சான்றிதழ் வராவிட்டால், உனக்கும் உடனே கல்யாணம் நடப்பதுதான் விருப்பம் என்று எடுத்துக்கொள்வேன்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

தமிழ்வாணி